பின்தொடர வேண்டாம் என்றவர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காஸ் சிலிண்டர் மாற்றினேன். பழையது நாற்பத்தொன்பது நாள் வந்திருக்கிறது. தனி ஆளுக்கு இது குறைவு. ஜூன் கடைசியில் ஆசீர் பத்து நாள் இங்கே இருந்தான், அதனால்தான்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"எக்கா, ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது."

"கேளு."

"அந்த ஆப்ப நிப்பாட்டிரு. மூணு மாசம்னுதான பேசினோம். இப்ப ஆறு மாசம் ஆயாச்சு."

பிப்ரவரியில் மறுவாழ்வு மையத்திலிருந்து அவனைக் கூட்டி வந்த அன்று நான்தான் அந்தச் செயலியை இரண்டு பேர் போனிலும் போட்டேன். அவன் எங்கே இருக்கிறான் என்று என் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். அப்போது அவனும் மறுக்கவில்லை. குடித்துவிட்டு ரயில்வே கேட் பக்கம் கிடந்தவனை இரண்டு தடவை தேடிப் போய்த் தூக்கி வந்தவள் நான். அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று, எனக்கு இருபத்தொன்று. இப்போது நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறான். தனியாக அறை எடுத்திருக்கிறான். நான் பாளையங்கோட்டையில். நடுவில் ஒன்றரை மணி நேர பஸ்.

"நீயே உன் போன்ல அணைக்கலாமே" என்றேன்.

"நான் அணைச்சா ஒளிக்கேன்னு நெனைப்ப. நெனைப்பியா, மாட்டியா?"

பழைய சிலிண்டரை வாசல் பக்கம் நகர்த்தினேன்.

"அதான். நீயா அணைச்சிரு. எனக்கும் நல்லாருக்கும்."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

'அணைச்சிட்டியா?' என்று காலையில் மெசேஜ். 'ம்' என்று அனுப்பினேன்.

ஆபீசில் முதலாளி முத்துசெல்வம் சார் ஒரு மெயிலை எனக்குத் தள்ளிவிட்டார். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து முப்பத்தொரு வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட் நடத்துகிறோம். நகைக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாம் உண்டு. அதில் புதுக்கரை மறுவாழ்வு மையம் நான் கொண்டுவந்தது. ஆசீரை முதல் தடவை அங்கே சேர்த்தபோது அவர்கள் சைட் பார்க்கச் சகிக்கவில்லை. டாக்டரிடம் பேசி, நாங்களே புதிதாகச் செய்து கொடுத்தோம். மெயில் அந்த மையத்துக்கு வந்தது. எழுதியவர் தூத்துக்குடியில் சுபாஷிணி என்ற பெண். சுருக்கம் இது:

அவர் கணவருக்குக் குடிப்பழக்கம். அவருக்குத் தெரியாமல் சுபாஷிணி மையத்தின் பக்கங்களைத் தன் மடிக்கணினியில் பார்த்திருக்கிறார். பார்ப்பதற்கு முன் பிரவுசரில் 'பின்தொடர வேண்டாம்' என்ற அமைப்பைப் போட்டுவிட்டுத்தான் பார்த்தாராம். எங்கள் பக்கத்தின் அடியிலும் அதை மதிக்கிறோம் என்று எழுதியிருக்கிறது. பிறகு ஒரு வாரம் வீட்டில் எல்லார் போனிலும் 'குடியை நிறுத்த இன்றே அழையுங்கள்' என்று விளம்பரம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே வைஃபை. கணவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். உடன் வேலை செய்பவரிடம் ஏதோ படம் காட்ட போனைக் கொடுத்தபோது அந்த விளம்பரம் வந்து நின்றிருக்கிறது. 'எத்தனை பேரிடம் சொன்னாய்' என்று வீட்டுக்கு வந்து கேட்டாராம். சிகிச்சைக்குப் பாதி சம்மதித்திருந்தவர் இப்போது அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை.

'மதிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம்?' என்று முடித்திருந்தார்.

அந்த வரியை மூன்று வருஷத்துக்கு முன் எழுதியது நான். வேறு எங்கோ பார்த்து எழுதினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆசீர் மதியம் அறைக்கே போய்ச் சாப்பிட்டிருக்கிறான். நல்லது. வெளிச்சாப்பாடு அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து கொஞ்சம் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று சோதித்துப் பார்த்தேன். என் வேலையே அதுதான், ஆனால் இதை இதுவரை ஒருநாளும் சோதித்ததில்லை.

அந்த அமைப்பைப் போட்டால் பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் 'இவர் தன்னைப் பின்தொடர வேண்டாம் என்கிறார்' என்று கூடவே ஒரு குறிப்பு அனுப்பும். அவ்வளவுதான். அது ஒரு வேண்டுகோள். அதனால் எதையும் தடுக்க முடியாது. கேட்பதும் கேட்காததும் அந்தப் பக்கம் இருப்பவர் இஷ்டம்.

புதுக்கரை சைட்டைத் திறந்து, அது வெளியே யார் யாருக்குத் தகவல் சொல்கிறது என்று பார்த்தேன். அமைப்பு இல்லாமல்: ஒன்பது கம்பெனிகள். அமைப்பைப் போட்ட பிறகு: ஒன்பது. பிரவுசரை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தேன். அதே ஒன்பது. பெரும்பாலும் விளம்பரக்காரர்கள். போன வருஷம் மையத்துக்கு ஆள் வரவேண்டும் என்று விளம்பரக்காரர்களின் நிரல் துண்டுகளைச் சேர்த்தோம். சேர்த்தவர் சார், வேலை செய்கிறதா என்று பார்த்து டிக் போட்டவள் நான்.

சாரிடம் காட்டினேன். அவர் திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"யாருமே அத மதிக்கிறதில்ல ஹெப்சி மேடம். சட்டம் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. சில பிரவுசர்காரனே அந்த பட்டன எடுத்துட்டான்."

"நம்ம பக்கத்துல மதிக்கிறோம்னு போட்டிருக்கே சார்."

"அது ஒரு மரியாதைக்கு போடுறது. நல்லவிதமா ஒரு பதில் எழுதி விட்டுருங்க. நீங்க அழகா எழுதுவீங்க."

ஆசீர் ஆறு மணிக்கு மேல் கோட்டாறு பக்கம் போயிருக்கிறான். ஏழரை வரைக்கும் ஒரே இடம். அங்கே அவனுக்கு என்ன வேலை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பதில் அனுப்பிவிட்டேன். 'தங்களின் தனியுரிமை எங்களுக்கு மிகவும் முக்கியம். தங்கள் உலாவியின் அமைப்புகளை எங்கள் தளம் மதிக்கிறது. தாங்கள் கண்ட விளம்பரங்கள் வேறு காரணங்களால் தோன்றியிருக்கலாம்.' நாலு வரி. எழுத்துப்பிழை இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மறுபடியும் கோட்டாறு. ஆறு பத்து முதல் ஏழு முப்பத்தைந்து. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் தெருவில் மதுக்கடை ஒன்று இருக்கிறது. புள்ளி அதன் மேலேயே நிற்கிறது. பத்து இருபது அடி முன்னே பின்னே காட்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போதே கூப்பிட்டேன். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"நேத்து சாயங்காலம் என்ன செய்த?"

"சும்மாதான் இருந்தேன்."

"ரூம்லயா?"

"ஏன் எக்கா?"

"இல்ல, கேட்டேன்."

"வெளிய போயிருந்தேன்" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்பான்.

அவன் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சுபாஷிணியிடமிருந்து பதில். இரண்டே வரி.

'உங்கள் கடிதம் வந்த பிறகு மறுபடியும் அமைப்பைப் போட்டு உங்கள் பக்கத்தைத் திறந்தேன். மறுநாள் காலை மாமியார் போனில் விளம்பரம் வந்தது.'

பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று பத்து மணிக்கே கரண்டு போய்விட்டது. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

இன்றும் ஆறு பத்து. கோட்டாறு.

ஆகஸ்ட் 13, புதன்

முப்பத்தொரு சைட்டையும் சோதித்து முடித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. இருபத்தொன்பது, அமைப்பைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி நடக்கின்றன. மிச்சம் இரண்டு யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. ஒன்று தொடக்கப்பள்ளி, ஒன்று நான் ஆராதனைக்குப் போகும் சேகரத்துச் சபை. மரியாதையால் அல்ல, அவற்றில் விளம்பரமே கிடையாது.

'மதிக்கிறோம்' என்ற வரி முப்பத்தொன்றிலும் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆறு எட்டு. அதே இடம்.

ஆகஸ்ட் 16, சனி

நாகர்கோவில் போய் வந்தேன்.

ஐந்து மணிக்கு இடைநில்லா பஸ். ஆரல்வாய்மொழியில் காற்று பஸ்ஸையே ஒரு பக்கம் தள்ளியது. வடசேரியில் இறங்கி ஆட்டோவில் கோட்டாறு. தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மதுக்கடை இருந்தது. அதை ஒட்டி மேலே போகும் படிக்கட்டு, மாடியில் ஜன்னல் சாத்திய ஓர் அறை. எதிர்ப்புறம் ஒரு பாத்திரக்கடை நிழலில் நின்றேன். புள்ளி எனக்கு நேர் எதிரே இருந்தது.

கடை வாசலில் கூட்டம். அதில் அவனைத் தேடினேன். நாற்பது நிமிஷம் நின்றிருப்பேன். படிக்கட்டுச் சுவரில் சின்னதாக ஒரு போர்டு இருந்தது. எழுத்து தெரியாததால் போனைத் தூக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையற்கடை என்று மட்டும் இருந்தது.

ஏழரைக்கு மாடியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவராக, கொஞ்சம் இடைவெளி விட்டு. காக்கி உடுப்பில் ஒருவர் பாதிப் படியில் என்னையும் போனையும் பார்த்து நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஆசீர்.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் பயம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ரோட்டைக் கடந்து வந்தான்.

"எப்ப வந்த எக்கா?"

"இப்பதான். ஆபீஸ் வேல. ஒரு கிளையண்டு."

"சனிக்கிழமையா?"

"ஆமா."

சரி என்று தலையாட்டினான். பக்கத்தில் டீக்கடைக்குக் கூட்டிப் போனான். வாயிலிருந்து வாடை வருகிறதா என்று பார்க்க நான் கிட்டத்தில் உட்கார்ந்தேன். வந்தது ஏலக்காய் வாடை. பழம்பொரி சூடாக இருந்தது. எனக்கு ஒன்று வாங்கித் தந்தான். ஸ்கேன் சென்டரில் புது மெஷின் வரப்போவதைப் பற்றிப் பேசினான். எங்கிருந்து இறங்கி வந்தான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வடசேரி வரை கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

குடிக்கவில்லை. அது போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருவார். தெருக்குழாயில் நாலு குடம் பிடித்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் ஆசீர் கூப்பிட்டான். எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எக்கா, அந்த மாடியில என்ன இருக்குன்னு நீ கேக்கவே இல்லியே."

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

"குடிய விட்டவுக கூடுத எடம் அது. செவ்வா, வியாழன், சனி. பதினோரு பேரு. தையக்கடைக்காரரு எங்காளுதான், அவரு ரூமத் தந்திருக்காரு. கீழ கடை இருக்கத வச்சி நாங்களே சிரிச்சுக்கிடுவோம். யாரு வந்தா, என்ன பேசுனான்னு வெளிய மூச்சு விடக் கூடாது. எங்களுக்கு இருக்கது அந்த ஒரு கட்டுப்பாடுதான்."

"என்ட்டகூடச் சொல்லக் கூடாதா?"

"என்னப் பத்தி நான் சொல்லலாம். ஒரு வருசம் முடியட்டும், அப்புறம் சொல்லுவோம்னு வச்சிருந்தேன். எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னு."

அவன் தொடர்ந்தான்.

"காக்கிச் சட்டை போட்டிருந்தாருல்லா, அவரு பஸ் கண்டக்டரு. தங்கையா அண்ணாச்சி. அவரு இங்க வாறது வீட்டுல யாருக்கும் தெரியாது, ட்யூட்டின்னு சொல்லிட்டு வருவாரு. நீ போனத் தூக்கி போட்டோ எடுத்தன்னு நெனைச்சிட்டாரு. அவரு சம்சாரம் ஆளு வச்சிப் பாக்குதுன்னு நெனைச்சிட்டாரு. நேத்து வரல. போனும் எடுக்கல."

"நான் போட்டோ எடுக்கல. போர்டத்தான் பாத்தேன்."

"எனக்குத் தெரியும்."

"எங்க அக்கான்னு அவருட்ட சொல்லு."

"சொல்லணும்னா அவரு போன எடுக்கணும்லா."

பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எக்கா, அந்த ஆப்பு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம எனக்கு ஒரு செய்தி அனுப்பும். இந்த வாரம் உங்க இருப்பிடம் இத்தன தடவ பார்க்கப்பட்டதுன்னு. போன வாரம் எழுபத்தி நாலு."

"மொதல்லேருந்தே வருதா?"

"மொதல்லேருந்தே."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீயா நிறுத்துவன்னு பாத்தேன்" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். நான் தூக்கிச் சுமந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன்.

போனை வைத்த பிறகு குக்கரைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த குக்கர்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஐந்தாம் தேதி 'ம்' என்று அனுப்பியதாக எழுதியிருக்கிறேன். அணைத்தேன் என்று எங்கும் எழுதவில்லை. நோட்டில்கூடப் பொய் எழுதக் கூடாது என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அவனிடம் சொல்ல மட்டும் கை வந்திருக்கிறது.

அவன் என்னிடம் கேட்டது ஒரு வேண்டுகோள். தடுக்கும் வழி அவன் கையில் இருந்தது, அதை வேண்டாம் என்று விட்டுவிட்டுக் கேட்டான். நான் சரி என்றேன். பிறகு ஒரு வாரத்தில் எழுபத்து நாலு தடவை.

காலையில் செயலியை எடுத்துவிட்டேன். 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அவனிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் செய்தி நின்றால் அவனுக்கே தெரியும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சுபாஷிணியின் முதல் மெயிலில் போன் எண் இருந்தது. மதியம் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று கூப்பிட்டேன். என் பேரையும் வேலையையும் சொல்லிவிட்டு, மேலும் சுற்றாமல் சொன்னேன்.

"நான் உங்களுக்கு எழுதுனது பொய். அந்த செட்டிங்க எங்க சைட்டு பாக்கறதே இல்ல. போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான். நீங்க வந்து பாத்தத ஒம்பது கம்பெனிக்கு அது சொல்லியிருக்கு. மதிக்கிறோம்னு எழுதுனதும் நான்தான், சோதிக்காம எழுதினேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடங்கியதும் பேசினார்.

"தெரியும் மேடம். ரெண்டு தடவ பாத்துட்டேன்லா. எனக்குத் தெரிஞ்சி என்ன செய்ய? அவுகளுக்குத் தெரியணும். நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டேன்னு இன்னும் நெனைக்காவ. என்ட்ட பேசியே மூணு வாரமாச்சு."

"நான் அவருட்ட பேசட்டுமா?"

"வேண்டாம். வேத்தாளு பேசுனா இன்னும் மோசமாயிரும். இப்ப சொன்னீயல்லா, இதையே எழுதித் தருவீயளா? உங்க பேரு போட்டு. நான் காட்டிக்கிடுதேன்."

தருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

சாயங்காலம் ஆறு பத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். போனை எடுத்து, எதற்கு எடுத்தேன் என்று தெரிந்து, வைத்துவிட்டேன். மாடிக்குப் போய்த் துணியை எடுத்து வந்தேன். இன்னும் காயாத துணி.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடிதத்தை ஆபீஸ் தாளில் எழுதாமல் வெறும் தாளில் கையால் எழுதினேன். என்ன சோதித்தேன், எந்தத் தேதியில், எத்தனை கம்பெனி, விளம்பரம் எப்படி ஒரு வீட்டின் மற்ற போன்களுக்கும் வரும் என்று அவர் கணவருக்குப் புரியும்படி. 'உங்கள் மனைவி யாரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டும் கேளாமல் சொன்னது நாங்கள்' என்று முடித்தேன். பேர், வேலை, கையெழுத்து. காலையில் ஹைகிரவுண்ட் தபால் ஆபீஸில் பதிவுத் தபாலாகப் போட்டுவிட்டு வந்துதான் சாரிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க சார்."

"சொல்லத்தான் செய்வேன். எழுத்துல குடுத்தா நாளைக்கு இன்னும் நாலு பேரு வருவாங்க. முப்பத்தோரு கிளையண்டு இருக்கு. அதுல ஒருத்தன் போனாலும் ஒரு ஆள வீட்டுக்கு அனுப்பணும். அந்த ஆளு யாருன்னு நான் யோசிக்கணும்."

"என்னையே அனுப்புங்க."

"அதான் ஈசியா சொல்லிட்டீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போய் வேலயப் பாருங்க. புதுக்கரை டாக்டருக்கு நானே பேசுதேன். நீங்க யாருக்கும் இனிமே லெட்டர் எழுத வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மோர் குடித்தேன். மோட்டார் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 28, வியாழன்

புதுக்கரை டாக்டரே என் இடத்துக்குப் போன் போட்டார். சார் சொன்னதைக் கேட்டு அவருக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லையாம்.

"எங்க வாசல்ல பேருகூடப் பெருசா போடல ஹெப்சி. வாறவங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு. உள்ள இப்படி ஒரு வாசலத் தெறந்து வச்சிருந்தோமா?"

"நான்தான் டாக்டர் சோதிக்காம விட்டேன்."

"விளம்பரம் எல்லாத்தையும் எடுத்துருங்க. ஆளு வரலன்னாலும் பரவால்ல."

இன்றே எடுத்தேன். திரும்பச் சோதித்தேன். பூஜ்யம். பக்கத்தின் அடியில் பழைய வரியை அழித்துவிட்டு, 'இந்தத் தளம் உங்கள் வருகையை வேறு யாருக்கும் சொல்வதில்லை' என்று எழுதினேன். எழுதுவதற்கு முன் மூன்று பிரவுசரில் சோதித்தேன்.

மற்ற இருபத்தெட்டைப் பற்றி சாரிடம் மறுபடியும் பேச்சு. 'நாங்கள் கவனிப்பதில்லை' என்று உண்மையைப் போடலாம் என்றேன். எந்தக் கடைக்காரன் அப்படிப் போட விடுவான் என்றார். கடைசியில் பொய் வரியை மட்டும் எடுத்துவிட ஒத்துக்கொண்டார். இப்போது அந்த இருபத்தெட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது போதாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆசீரிடமிருந்து மெசேஜ். 'இந்த வாரம் செய்தி வரல.' அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை.

'ம்' என்று அடித்தேன். அழித்துவிட்டு, 'ஆமா, பத்து நாள் ஆச்சு. மன்னிச்சிரு' என்று அனுப்பினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

தங்கையா அண்ணாச்சியைப் பார்க்க ஆசீர் மூன்று நாள் டிப்போவுக்குப் போயிருக்கிறான். முதல் இரண்டு நாள் அவர் இவனைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டாராம். மூன்றாம் நாள் இவன் டிக்கெட் எடுத்து அதே பஸ்ஸில் ஏறிவிட்டான்.

"கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்தேன் எக்கா. திரும்பி வரும்போதுதான் பேசினாரு. எங்க அக்காதான், என்னத் தேடி வந்தான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒங்கக்காவுக்கு ஒன் மேல அவ்வளவு பயமான்னு கேட்டாரு."

அவனே தொடர்ந்து சொன்னான். "ஆமான்னுட்டேன். அதுல தப்பு இல்லியே."

மாடிக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வேண்டுமானால் டிப்போ பக்கம் டீக்கடையில் செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறார். ஆசீர் சரி என்றிருக்கிறான். பதினோரு பேர் இருந்த அறையில் இப்போது பத்துப் பேர். அது என்னால்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுபாஷிணியிடமிருந்து மெயில்.

'கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். என் கணவர் இரண்டு முறை வாசித்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று நாள் கழித்து, புதுக்கரை எங்கே இருக்கிறது, எப்படிப் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை போகிறோம். சேர்வதாகச் சொல்லவில்லை, பார்த்துவிட்டு வருவோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இதை உங்களிடம் சொன்னதாக அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.'

தெரியாது என்று பதில் எழுதினேன். சார் கடிதம் எழுத வேண்டாம் என்றிருக்கிறார். இது ஒரு வார்த்தைதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு மீன் வாங்கினேன். சாளை நல்லதாக இருந்தது. குழம்பு கொதிக்கும்போது ஆசீர் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்தில் அவன் கூப்பிடுவதில்லை.

"எக்கா, நான் இப்ப எங்க இருக்கேன்னு தெரியுமா?"

அடுப்பில் தீயைக் குறைத்தேன்.

"தெரியாது" என்றேன்.

"நல்லது" என்றான். சிரித்த மாதிரி இருந்தது. "என்ன கொழம்பு?"

"சாளை."

"புளி தூக்கலா வையி. போன தடவ சப்புன்னு இருந்துச்சு."

"ஒனக்கா வைக்கேன்? எனக்கு இதுதான் பிடிக்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். அவன் பின்னால் ஏதோ இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. காற்றா, கடலா, ஜனங்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை.